எழுத்து இந்தியாவில், மனைவியும் மகளும் வவுனியாவில்: கனடா ஸ்பொன்சர் பற்றிச் சில கேள்விகள்

நிலாவரை:

வணக்கம் உறவுகளே. 2021 யூனில் என்னுடைய அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டது. 2023 செப்டெம்பரில் பி.ஆர் (நிரந்தர வதிவிடம்) கிடைத்தது. இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை. ஸ்காபரோவில் இருக்கிறேன், களஞ்சிய வேலை, வருஷ வருமானம் 38,000 டொலர் அளவில்.

கலியாணம் பேசியிருக்கும் பெண் வவுனியாவில் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. அவருக்கு முதல் கலியாணம் கோர்ட்டில் முடிந்துவிட்டது. எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறார், தாயுடன்தான் வளர்கிறார். பெண் வீட்டார் எழுத்தையும் (கலியாணப் பதிவு) தாலிகட்டையும் ஊரிலேயே வைக்க விரும்புகிறார்கள். என் பக்கத்தில் சிலர் திருச்சி என்கிறார்கள். வீடியோ அழைப்பில் எழுத்தை முடித்து உடனே ஃபைல் போடலாம் என்றும் ஒருவர் சொன்னார். எது சரி? பிள்ளையையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாமா, பிள்ளையின் தகப்பனிடம் ஏதாவது வாங்க வேண்டுமா? என் வருமானம் போதுமா? இதற்குப் பிறகு அம்மா, அப்பாவையும் 19 வயதுத் தம்பியையும் கூப்பிட வழி இருக்கிறதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடிகாமத்தான்:

தம்பி, முதலில் ஊர்ப் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். மற்ற எல்லாவற்றையும் கவிழ்க்கக்கூடியது அதுதான்.

குடியுரிமை எடுக்கும்வரை இலங்கைக்குப் போகாதீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவும் வேண்டாம். எந்த நாட்டுக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டீர்களோ, அந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி ஏற்றுக்கொண்டீர்கள் என்று அரசு வாதிட்டு, அகதி அந்தஸ்தை முடிவுக்குக் கொண்டுவரும்படி அகதிச் சபையில் விண்ணப்பிக்கலாம். முன்பு அது நடந்தாலும் பி.ஆர் தப்பிவிடும். 2012 டிசம்பருக்குப் பிறகு அந்தஸ்து போனால் பி.ஆரும் சேர்ந்தே போகிறது. கலியாணத்துக்காக இரண்டு கிழமைதான் போனேன் என்பது தானாகவே காப்பாற்றாது. 2022 இல் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கலிண்டோ கமாயோ வழக்கில், பயணத்தின் நோக்கம், அந்த ஆளுக்கு இந்த விளைவு தெரிந்திருந்ததா, அங்கே என்ன முன்னெச்சரிக்கை எடுத்தார் என்பதையெல்லாம் சபை பார்க்க வேண்டும் என்றது. அது வழக்காடுபவருக்கு உதவும் தீர்ப்பு. அதை நம்பி டிக்கெட் போடக்கூடாது. பெண் வீட்டாருக்கு இதைத் தெளிவாக விளங்கப்படுத்துங்கள். "மாப்பிள்ளை ஊருக்கு வர மாட்டாராம்" என்று வேறு அர்த்தம் எடுத்துவிடுவார்கள்.

வீடியோ எழுத்தை அடியோடு மறந்துவிடுங்கள். 2015 யூன் 11 முதல், எழுத்தின்போது இருவரும் ஒரே இடத்தில் நேரில் இல்லாத கலியாணத்தைக் குடிவரவுக்குக் கனடா ஏற்பதில்லை. தொலைபேசி, இணையம், பதிலாள் எல்லாமே இதற்குள் அடங்கும். கனடியப் படையில் பணியாற்றுவோருக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த எழுத்து நடந்த நாட்டில் செல்லுபடியாக இருந்தாலும் ஃபைல் நிராகரிக்கப்படும்.

ஆகவே இந்தியா, அல்லது இருவரும் போகக்கூடிய வேறொரு நாடு. உங்கள் அகதிப் பயண ஆவணத்தில் இலங்கை தவிர மற்ற நாடுகளுக்குப் போகலாம். ஆனால் இந்திய ஈ-விசா பயண ஆவணக்காரருக்குக் கிடையாது. முறையான விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அது இழுபடும். விசா கையில் வராமல் மண்டபத்துக்கு முற்பணம் கட்டாதீர்கள்.

திருச்சியில் கோவிலில் தாலி கட்டினால் கோவில் தரும் ரசீது மட்டும் போதாது. கனடா கேட்பது சட்டப்படி பதிந்த கலியாணம். தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் எழுதுவதானால் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் தங்கியிருக்க வேண்டும், அறிவித்தல் கொடுத்து இன்னுமொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு கிழமை லீவில் வருகிறவருக்கு அது சரிவராது. மணமக்கள் இருவருமே வெளிநாட்டவர் என்றால் சில பதிவாளர்கள் தயங்குவார்கள். எந்த அலுவலகத்தில் எழுதப் போகிறீர்களோ அங்கேயே என்னென்ன கேட்பார்கள் என்று முன்கூட்டி எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. குடியுரிமைக்குக் கடைசி ஐந்து வருஷத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். கோரிக்கை ஏற்கப்பட்ட நாளிலிருந்து பி.ஆர் கிடைக்கும்வரை இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, ஆகக் கூடியது 365 நாள்வரை சேரும். உங்களுக்கு அந்த இடைவெளி இரண்டு வருஷத்துக்கு மேல், எனவே முழு 365 உம் கிடைக்கும். பி.ஆருக்குப் பிறகு 730 நாள் இருந்தால் போதும். வெளியே போகாதிருந்தால் 2025 செப்டெம்பரிலேயே கணக்கு நிறைந்திருக்கும். இந்தியாவில் நிற்கும் நாட்கள் இதில் சேராது, ஆகவே குடியுரிமை விண்ணப்பத்தை முதலில் போட்டுவிட்டு டிக்கெட்டைப் பாருங்கள். சத்தியப்பிரமாணம் எடுத்த பிறகு நீங்கள் கனடியர், அதன்பின் அகதி அந்தஸ்தை முடிப்பது என்ற பேச்சே இல்லை. பெண் வீட்டார் பொறுக்கத் தயார் என்றால் ஊரிலேயே எல்லாரும் சூழ எழுத்தை வைக்கலாம். என்னைக் கேட்டால் இதுதான் நல்லது.

செம்பருத்தி:

கொடிகாமத்தார் சொன்னது முழுக்கச் சரி. நான் பிள்ளையின் பக்கத்தையும் பேப்பர்களையும் சொல்லுறன்.

முதல்ல விவாகரத்துக் கட்டளையை எடுத்துப் பாருங்கோ. இலங்கையில மாவட்ட நீதிமன்றம் முதலில டிக்ரி நிசை (இடைக்காலக் கட்டளை) தரும். மூன்று மாசம் கழிச்சு அது டிக்ரி அப்சலூட் (இறுதிக் கட்டளை) ஆகவேணும். அப்சலூட் வராமல் எழுதின இரண்டாம் கலியாணம் செல்லாது. "கோர்ட்டில முடிஞ்சுது" எண்டு சனம் சொல்லுறது பல நேரம் நிசையோட நிண்டிருக்கும். அப்சலூட் திகதி உங்கட எழுத்துத் திகதிக்கு முந்தினதா இருக்க வேணும், அதின்ர சான்றுப்படுத்தின பிரதியும் மொழிபெயர்ப்பும் ஃபைலுக்கு வேணும்.

இதில ஒரு பெரிய ஆபத்து இருக்கு. வெட்கப்பட்டு முதல் கலியாணத்தை மறைக்கிற குடும்பங்கள் உண்டு. இந்தியப் பதிவில பெண்ணைக் "கன்னி" எண்டு எழுதுவினம், அழைப்பிதழில ஒரு சொல்லும் இராது. பிறகு கனடா ஃபோமில மட்டும் விவாகரத்து வரும். அதிகாரி இரண்டையும் பக்கத்தில வைச்சுப் பார்ப்பார். பொய்த்தகவல் எண்டு முடிவெடுத்தால் ஐந்து வருஷத் தடை. பதிவாளரிட்டயும் விவாகரத்தானவர் எண்டே எழுதுவியுங்கோ.

பிள்ளை அதே விண்ணப்பத்தில தாயோட வரலாம். 22 வயசுக்குக் குறைஞ்ச, கலியாணம் செய்யாத பிள்ளை எண்டால் சரி. தகப்பன் உயிரோட இருக்கிறபடியால் ஐஎம்எம் 5604 எண்ட, கூட வராத பெற்றோரின்ர சம்மதப் பிரகடனத்தில அவற்ற கையொப்பமும், கையொப்பம் தெரியிற அடையாள அட்டைப் பிரதியும் வேணும். பிள்ளையின்ர கடவுச்சீட்டுக்கும் தாய் தகப்பன் சம்மதமோ கோர்ட் கட்டளையோ கேப்பினம். தகப்பனைத் தேடிப் போற நாளிலயே இரண்டு கையொப்பத்தையும் ஒண்டா வாங்கிப்போடுங்கோ. இரண்டாம் தரம் போனால் மனம் மாறியிருக்கும், இல்லாட்டிக் காசு கேப்பார். ஆள் இருக்கிற இடமே தெரியாட்டி, பிள்ளையின்ர பொறுப்புத் தாய்க்கு மட்டும் எண்டு சொல்லுற நீதிமன்றக் கட்டளையும், தேடின விபரத்தோட ஒரு சத்தியக்கடதாசியும் வையுங்கோ.

பிள்ளை இப்ப வரேல்லை, பிறகு பாப்பம் எண்டாலும் பெயரைக் கட்டாயம் போடவேணும், மெடிக்கலும் செய்யவேணும். சொல்லாமல் விட்ட, பரிசோதிக்காத பிள்ளையைப் பிறகு தாய் குடும்ப வகுப்பில ஸ்பொன்சர் செய்யேலாது. ஒழுங்குவிதி 117(9)(டி) எண்டு சொல்லுறது இதைத்தான். 2019 இல ஒரு தற்காலிகச் சலுகை கொண்டு வந்தவை. தற்காலிகச் சலுகையை நம்பி ஒரு பிள்ளையின்ர பெயரை விடாதேங்கோ.

பெயர்கள் அடுத்த தலையிடி. பிறப்புச் சான்றிதழில பிள்ளையின்ர பெயர் ஒரு கூட்டில, தகப்பன் பெயர் இன்னொரு கூட்டில. கடவுச்சீட்டில குடும்பப் பெயர் எண்ட இடத்தில தகப்பன் பெயர் ஏறியிருக்கும். அடையாள அட்டையில வெறும் முதலெழுத்து மட்டும். பெண்ணின்ர பழைய பேப்பர் சிலதில முதல் கணவரின்ர பெயரும் இருக்கலாம். ஃபோமில கடவுச்சீட்டில உள்ளபடி எழுத்துப் பிசகாமல் எழுதுங்கோ. மற்ற வடிவம் எல்லாத்தையும் "வேறு பெயர் பாவித்ததுண்டா" எண்ட கேள்வியில போடுங்கோ. எல்லாம் ஒரே ஆள்தான் எண்டு சமாதான நீதவானுக்கு முன்னால ஒரு சத்தியக்கடதாசி முடிச்சு வையுங்கோ. தமிழ், சிங்களப் பேப்பர் எல்லாத்துக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின்ர மொழிபெயர்ப்பு வேணும். சொந்தக்காரர் மொழிபெயர்த்தால் ஏற்கமாட்டினம், அவர் ஆங்கில ஆசிரியராய் இருந்தாலும் சரி.

தேவா, மிசிசாகா:

வருமானம்: மனைவியையும் இந்த வயதுப் பிள்ளையையும் ஸ்பொன்சர் செய்யக் குறைந்தபட்ச வருமான அளவு கிடையாது. அந்தப் பிள்ளைக்கே ஒரு பிள்ளை இருந்தால்தான் அந்தக் கணக்கு வரும். ஆனால் நீங்கள் சமூக உதவிப் பணம் எடுத்துக்கொண்டிருக்கக்கூடாது. ஊனமுற்றோர் உதவி என்றால் பரவாயில்லை. தீராத வங்குரோத்திலும் இருக்கக்கூடாது. பி.ஆர் மட்டும் வைத்திருப்பதால் ஃபைல் முடியும்வரை கனடாவிலேயே வசிக்க வேண்டும். கலியாணத்துக்குப் போய் மாதக்கணக்கில் அங்கேயே நின்றுவிட்டால் ஸ்பொன்சர் தகுதியில் கேள்வி வரும்.

பொறுப்பேற்பு, அதாவது அவர்களின் செலவுக்கு நீங்கள் பொறுப்பு என்று எழுதிக்கொடுப்பது, மனைவிக்கு, அவர் பி.ஆர் ஆன நாளிலிருந்து 3 வருஷம். பிள்ளைக்கு 10 வருஷம் அல்லது 25 வயது, எது முந்தியோ அது. எட்டு வயதுப் பிள்ளைக்கு முழுப் பத்து வருஷமும் ஓடும். இடையில் பிரிந்தாலும் பொறுப்பு நிற்காது. அவர்கள் சமூக உதவி எடுத்தால் அது உங்கள் தலையில் கடனாக ஏறும்.

கட்டணம், 2024 ஏப்ரல் 30 இல் உயர்த்தியபடி: மனைவிக்கு நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் உட்பட 1,205 டொலர், கூட வரும் பிள்ளைக்கு 175, மனைவியின் கைரேகைக்கு 85. மொத்தம் 1,465 ஆக இருந்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கைரேகை இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தொகை மாறும், கட்டும் நாளில் ஐஆர்சிசி (கனடியக் குடிவரவுத் திணைக்களம்) தளத்தில் பார்த்துக் கட்டுங்கள். குறைவாகக் கட்டினால் ஃபைல் திரும்பி வரும்.

இனி ஃபோம்கள். ஐஎம்எம் 1344 (ஸ்பொன்சர் விண்ணப்பம்), 5532 (உறவு விபரம்) இரண்டும் கையொப்பத்துடன் ஏற்ற வேண்டியவை. 0008 (வதிவிட விண்ணப்பம்), 5669 (பின்னணி விபரம்), 5406 (குடும்ப விபரம்) ஆகியவற்றை இணையத்திலேயே நிரப்பலாம். 5533 சரிபார்ப்புப் பட்டியல்.

அதிகம் பிழைப்பது 5669 இல். கடைசிப் பத்து வருஷத்து வரலாற்றில் ஒரு மாதமும் வெறுமையாக இருக்கக்கூடாது. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த ஏழு மாதத்தையும் "வேலையில்லை" என்று திகதியோடு எழுத வேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அரசாங்கப் பதவி வகித்தீர்களா என்ற கேள்விக்கு, அமைச்சராகவா இருந்தேன் என்று நினைத்து "இல்லை" போட்டுவிடுவார்கள். அரசாங்கப் பாடசாலை ஆசிரியை அரச ஊழியர். எந்தப் பாடசாலை, எந்த வலயம், எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை என்று அங்கே எழுதுங்கள். வேலை வரலாற்றில் ஆசிரியை என்றும் இதில் "இல்லை" என்றும் இருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதற்கே சில மாதங்கள் போய்விடும்.

5532 தான் கலியாணம் உண்மையா என்பதைப் பார்க்கும் ஃபோம். 2010 செப்டெம்பர் 30 இலிருந்து சட்டம் இரண்டில் ஒன்று போதும் என்கிறது: உறவு உண்மையானதல்ல, அல்லது முக்கியமாகக் குடிவரவுக்காகச் செய்யப்பட்டது. ஒன்று நிரூபணமானாலே நிராகரிப்பு. பேசிச் செய்த கலியாணம் என்பது பிரச்சினையல்ல. ஆனால் உங்கள் ஃபைலில் அதிகாரி நிச்சயம் நிறுத்திப் பார்க்கும் இடங்கள் உண்டு: மாப்பிள்ளைக்கு முதல் கலியாணம், பெண்ணுக்கு இரண்டாவது, ஒரு பிள்ளை, எழுத்து மூன்றாவது நாட்டில், வந்தவர்கள் கொஞ்சப் பேர். ஒவ்வொன்றுக்கும் காரணத்தை நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள். யார் பேசி வந்தார்கள், பிள்ளை இருப்பது உங்களுக்கு எப்போது சொல்லப்பட்டது, உங்கள் பெற்றோர் என்ன சொன்னார்கள், நீங்கள் பிள்ளையுடன் எப்போதிலிருந்து பேசுகிறீர்கள், ஏன் ஊரில் வைக்க முடியவில்லை. கடைசிக் கேள்விக்குப் பதில் உங்கள் அகதி அந்தஸ்து. அதைத் தயங்காமல் எழுதுங்கள், அது உங்களுக்குச் சாதகமான விளக்கம்.

எழுத்து ஒரு நாள், தாலிகட்டு வேறொரு நாள் என்றால் எல்லா ஃபோமிலும் கலியாணத் திகதியாகப் போக வேண்டியது எழுத்துத் திகதி. தாலிகட்டைச் சடங்கு விபரத்தில் தனியாக எழுதுங்கள். நேர்காணலில் மனைவியிடம் "எப்போது கலியாணம்" என்று கேட்டால் அவர் வாயில் இயல்பாக வருவது தாலி கட்டிய நாள்தான். இரண்டு திகதியையும் சொல்லி விளக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படம் ஆகக் கூடியது 20. மணவறையில் ஒரே உடுப்போடு நிற்கும் பதினைந்து படம் ஒரு படத்துக்குத்தான் சமம். இரு வீட்டாரும் சேர்ந்து நிற்பது, பிள்ளையுடன் இருப்பது, பதிவாளர் முன் கையொப்பம் வைப்பது, வேறு வேறு நாட்களில் எடுத்தது என்று தெரிந்து, ஒவ்வொன்றின் கீழும் திகதியும் ஆட்களின் உறவுமுறையும் எழுதுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் 10 பக்கம்தான். ஒரே கிழமையில் அள்ளாமல், மாதத்துக்கு ஒன்றாக, திகதி தெரியும்படி எடுங்கள். தமிழில் இருந்தால் அதற்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடம், காய்ச்சல், வீட்டுச் செலவு பற்றிப் பேசிய பக்கங்களுக்கு "குட்மோர்னிங்" படங்களைவிட நிறை அதிகம். காசு அனுப்பினால் மனைவியின் பெயருக்கே அனுப்பி ரசீதை வையுங்கள். மாமாவின் பெயருக்குப் போன உண்டியல் (வங்கி வழியில்லாத) காசை எதிலும் காட்ட முடியாது.

மெடிக்கலை அறிவுறுத்தல் வர முன்னம் செய்யாதீர்கள், அது 12 மாதம்தான் செல்லும். மனைவிக்கோ பிள்ளைக்கோ செலவு கூடிய வருத்தம் இருந்தாலும் அந்தக் காரணத்துக்காக மறுக்க முடியாது. பெற்றோர் விண்ணப்பத்துக்கு அந்த விலக்கு இல்லை.

மார்க்கம் ராணி:

பெற்றோர், தம்பி பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

தம்பியை நேரடியாக ஸ்பொன்சர் செய்ய முடியாது. 18 வயதுக்குக் குறைந்த, தாய் தகப்பன் இருவரையும் இழந்த, கலியாணம் செய்யாத சகோதரருக்கு ஒரு வழி உண்டு. கனடாவில் யாருமில்லாத, மனைவி, பிள்ளை, பெற்றோர் என்று ஸ்பொன்சர் செய்யக்கூடிய ஒருவருமே இல்லாத ஆளுக்கு இன்னொரு வழி உண்டு. உங்களுக்கு இரண்டும் பொருந்தாது. பெற்றோரின் விண்ணப்பத்தில் 22 வயதுக்குக் குறைந்த பிள்ளையாகத் தம்பி வரலாம். அந்தக் கதவும் இப்போது உங்களுக்குத் திறந்ததல்ல, ஏனென்றால் 2021 முதல் 2025 வரை அழைப்புகள் 2020 இல் விருப்பப் படிவம் போட்டவர்களுக்கே போயின. அழைப்பு வந்தாலும் தொடர்ந்து மூன்று வரி வருஷத்துக்கு, குறைந்தபட்ச அளவுக்கு மேல் 30 சதவீத வருமானம் காட்ட வேண்டும். அதில் மனைவி, மகள், அம்மா, அப்பா, தம்பி எல்லாரும் தலைக்கணக்கில் சேர்வார்கள். 38,000 காணாது. பொறுப்பேற்பும் 20 வருஷம். "தம்பிக்கு வழி இருக்கு" என்று காசு கேட்கும் ஏஜெண்டுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அம்மா, அப்பாவுக்குச் சுப்பர் விசாவை (பெற்றோருக்கான நீண்டகால வருகை விசா) பாருங்கள். ஒரு முறை வந்தால் 5 வருஷம்வரை நிற்கலாம். குறைந்தது 100,000 டொலருக்கு ஒரு வருஷ மருத்துவக் காப்புறுதியும் உங்கள் வருமானச் சான்றும் வேண்டும். இதற்கும் குறைந்தபட்ச வருமான அளவு உண்டு, ஆனால் அந்த 30 சதவீதம் இல்லை. மனைவி வந்து வேலைக்குப் போன பிறகு இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். தம்பியை அதில் சேர்க்க முடியாது.

நிலாவரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. டிக்ரி பற்றி இன்று கேட்டேன், கையில் இருப்பது நிசைதானாம். அப்சலூட்டுக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். குடியுரிமை விண்ணப்பத்தையும் தொடங்குகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. 1344 இல், ஸ்பொன்சர் தகுதியில்லை என்று வந்தால் "விலக்கிக்கொள்" அல்லது "தொடர்" என்று ஒரு தெரிவு இருக்கிறதே, எதை எடுப்பது? ஃபைல் நடக்கும்போது குழந்தை பிறந்தால்?

கொடிகாமத்தான்:

"விலக்கிக்கொள்" என்று போட்டால், தகுதியில்லை என்று வரும்போது ஸ்பொன்சர் கட்டணம் போக மிச்சம் திரும்பும், ஆனால் மேன்முறையீட்டு உரிமை போய்விடும். "தொடர்" என்று போட்டால் காசு போகும், உரிமை இருக்கும். தகுதியில் சந்தேகமே இல்லாத உங்களுக்கு "தொடர்" நல்லது. இந்த மேன்முறையீட்டு உரிமை வெளிநாட்டிலிருந்து போடும் குடும்ப வகுப்புக்குத்தான். கனடாவுக்குள் இருந்து போடும் வாழ்க்கைத்துணை வகுப்புக்கு இல்லை. நிராகரிப்புக் கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவில் பதிய வேண்டும். அங்கே புதிய சான்றுகளும் வைக்கலாம். கடிதத்தில் காரணம் இரண்டு வரிதான் இருக்கும். 5 டொலர் கட்டித் தகவல் அறியும் சட்டத்தில் அதிகாரியின் குறிப்புகளை எடுத்தால்தான் எந்தப் பதில் இடறியது என்று தெரியும். அந்தக் குறிப்பு வரும்வரை மேன்முறையீட்டைப் பதியாமல் இருந்துவிடாதீர்கள், 30 நாள் ஓடிவிடும்.

குழந்தை பிறந்தால் பிறப்புச் சான்றிதழ் எடுத்தவுடன் இணையப் படிவம் மூலம் ஐஆர்சிசிக்கு அறிவியுங்கள். உங்கள் குடியுரிமை அதற்கு முன்பே கைக்கு வந்து நீங்கள் கனடியர் என்றால், குழந்தை பிறப்பால் கனடியராக இருக்கலாம். அப்போது ஸ்பொன்சர் தேவைப்படாது, குடியுரிமைச் சான்றிதழுக்குத்தான் விண்ணப்பம். நீங்கள் இன்னும் பி.ஆர் என்றால் குழந்தையை மனைவியின் ஃபைலில் சேர்த்து, மெடிக்கல் முடித்து, பிள்ளைக்கான கட்டணமும் கட்ட வேண்டும். மனைவிக்கு வதிவிட உறுதிப்பத்திரம் வந்துவிட்டது, விமானமும் பதிந்தாயிற்று என்ற நிலையில் குழந்தை பிறந்தாலும் இதேதான்: அறிவித்து, புதிய பத்திரம் வந்த பிறகே ஏற வேண்டும்.